இரண்டாம் ஆண்டுக்குப் பணம் எங்கே? அமெரிக்கக் குற்றத் தடுப்பு மானியங்கள் ஓடும் விதம்

2025 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க நீதித் துறை பல அமைப்புகளுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. உங்களுக்குத் தந்துவந்த மானியம் இனி எங்கள் முன்னுரிமைகளோடு பொருந்தவில்லை, ஆகவே ரத்து என்பதுதான் அதிலிருந்த செய்தி. மொத்தம் 360-க்கும் மேற்பட்ட மானியங்கள். வழங்கப்பட்டபோது அவற்றின் மதிப்பு சுமார் 82 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் இன்னும் செலவாகாமல் இருந்தது. துப்பாக்கிச் சூடுகளைத் தடுக்கத் தெருவில் இறங்கி வேலை செய்பவர்கள், பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பவர்கள், சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பவர்கள், கிராமப்புறக் காவல் துறைகளுக்குப் பயிற்சி தருபவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் சிக்கினார்கள்.

இதை டிரம்ப் நிர்வாகத்தின் அரசியல் என்று ஊடகங்கள் எழுதின. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு என்று உறுதியளித்த பணத்தை ஒரே நாளில் நிறுத்த முடிந்தது எப்படி என்று பார்த்தால் கதை இன்னும் பழையது. குற்றத் தடுப்புக்காக வாஷிங்டன் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, நிரந்தரமாக ஓட வேண்டும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டதே இல்லை. ‘நாங்கள் தொடங்கி வைக்கிறோம், அப்புறம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் 1968 முதல் அதன் அடிப்படை. அந்த ‘அப்புறம்’ பல ஊர்களில் வரவே இல்லை. வராத அந்த இடைவெளியில்தான், ஒரே வேலைக்கு ஆண்டுதோறும் மறுபடி விண்ணப்பித்து வாங்கும் தொடர் மானியம் என்ற ஏற்பாடு வளர்ந்தது.

பணப்பை மட்டும்தான் கையில்

அமெரிக்காவில் ஒரே காவல் துறை கிடையாது. சுமார் 18,000 காவல் துறைகள் இருக்கின்றன. நகரத்துக்கு ஒன்று, கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, சில இடங்களில் பல்கலைக்கழகத்துக்கே ஒன்று. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் பெரும்பாலும் அந்தந்த மாவட்ட மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். உள்ளூர்ச் சிறைகள் கவுண்டியின் பொறுப்பு. இதில் எதற்கும் வாஷிங்டன் நேரடியாக உத்தரவு போட முடியாது. அதன் கையில் இருப்பது பணப்பை மட்டும்தான்.

1960-களில் குற்றம் கூடி, அது தேர்தல் பிரச்சினையாகவும் மாறியபோது ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஓர் ஆணையம் அமைத்தார். 1967-ல் அதன் அறிக்கை வந்தது. 1968 ஜூன் 19-ல் குற்றக் கட்டுப்பாடு மற்றும் பாதுகாப்பான தெருக்கள் சட்டம் கையெழுத்தானது. மாநிலங்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்க சட்ட அமலாக்க உதவி நிர்வாகம் என்ற புதிய அமைப்பு உருவானது. எந்தத் திட்டத்துக்குப் பணம் என்பதை வாஷிங்டனே முடிவு செய்யலாம் என்று ஜான்சன் நினைத்தார். நாடாளுமன்றம் அதை மாற்றி, மொத்தத் தொகையை மாநிலத்திடம் கொடுத்துவிட வேண்டும், பங்கிடுவது மாநிலத்தின் வேலை என்று சட்டம் செய்தது. இன்று இல்லினாயில் குற்றவியல் நீதித் தகவல் ஆணையமும், டெக்சஸில் ஆளுநர் அலுவலகத்தின் பொதுப் பாதுகாப்புப் பிரிவும் இப்படி இடையில் நின்று பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்கின்றன.

அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நிபந்தனை இருந்தது. நியாயமான ஒரு காலம் மத்திய உதவி கிடைத்தபின், திட்டச் செலவை மாநிலமும் உள்ளாட்சியும் தாங்களே ஏற்றுக்கொள்ளத் தயார் என்று காட்ட வேண்டும். தாளில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கவுண்டி எதற்காக மத்திய மானியம் கேட்டு வருகிறது? கையில் பணமில்லாததால்தானே. மூன்று ஆண்டு கழித்து அதே கவுண்டிக்கு எங்கிருந்து பணம் வரும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அந்த நிர்வாகமே 1982-ல் மூடப்பட்டது. நிபந்தனையில் இருந்த எண்ணம் மட்டும் வேறு வேறு பெயர்களில் உயிரோடு இருக்கிறது.

1988 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், போதைப்பொருள் வழக்கு சாட்சி ஒருவரின் வீட்டுக்குக் காவலாக வண்டியில் உட்கார்ந்திருந்த எட்வர்ட் பைர்ன் என்ற 22 வயதுக் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு வந்த போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தின் மானியத் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது. அதில் எந்தத் திட்டத்துக்கும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பணம் கிடையாது என்று எழுதிவைத்தார்கள். பல ஊர்க் காவலர்கள் சேர்ந்து இயங்கும் போதைப்பொருள் தனிப்படைகளுக்கு மட்டும் விலக்கு, கூடவே பாதிக்கப்பட்டோர் உதவி போன்ற சிலவற்றுக்கும். எந்தத் திட்டம் ‘தற்காலிகம்’, எது ‘என்றும் உள்ளது’ என்று தீர்மானிப்பதில் ஆதரவு திரட்டும் வலு எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இந்த விலக்குப் பட்டியலே போதும்.

விண்ணப்பத்துக்குள்ளே

ஒரு கவுண்டி நீதிமன்றத்தில் குடும்ப வன்முறை வழக்குகளுக்காக ஒரு பணியாளரை நியமிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுத்த பெண்ணோடு நீதிமன்றம் வருவது, பாதுகாப்பு ஆணை வாங்க உதவுவது, தங்குமிடம் ஏற்பாடு செய்வது அவர் வேலை. சம்பளம் மாநில அமைப்பு தரும் மத்திய மானியத்திலிருந்து. திட்டக் காலம் மூன்று ஆண்டு என்று ஒப்புதல் கிடைத்திருக்கலாம். ஆனால் பணம் உறுதியானது முதல் 12 மாதங்களுக்கு மட்டும். மீதி இரண்டு ஆண்டுக்கும் ‘நிதி இருந்தால், செயல்பாடு திருப்தியாக இருந்தால்’ என்ற இரண்டு நிபந்தனைகள் கூடவே வரும்.

இரண்டாவது நிபந்தனை நிறைவேற என்ன தேவை? காலாண்டு அறிக்கை நேரத்துக்குப் போக வேண்டும். எத்தனை பேருக்கு உதவி என்ற எண்ணிக்கை இலக்கை எட்டியிருக்க வேண்டும். கொடுத்த பணம் செலவாகியிருக்க வேண்டும். பணம் மிஞ்சினால் சிக்கனம் என்று பாராட்டமாட்டார்கள், இவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று அடுத்த ஆண்டு குறைத்துவிடலாம். அதனால்தான் மானிய ஆண்டின் கடைசி மாதங்களில் மேசை, கணினி, பயிற்சி முகாம் என்று செலவு கிடுகிடுவென ஏறுகிறது. நம்மூர் அரசு அலுவலகங்களின் மார்ச் மாதத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பல மானியங்களில் பணம் முன்கூட்டியே கைக்கு வருவதில்லை. முதலில் செலவு செய்ய வேண்டும், ரசீது காட்ட வேண்டும், பிறகு திரும்பக் கிடைக்கும். பெரிய நகராட்சி சமாளித்துவிடும். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு மாதச் சம்பளத்தைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். வாடகை, கணக்காளர் போன்ற பொதுச் செலவுக்கென்று, தனியாக விகிதம் பேசி வாங்காத அமைப்புகள் நேரடிச் செலவில் 10% வரை எடுத்துக்கொள்ளலாம் என்று நெடுநாள் விதி இருந்தது. 2024 அக்டோபரில்தான் அது 15% ஆனது.

இன்னொரு விதி வெளியார் கண்ணில் எளிதில் படாது. ஏற்கெனவே உள்ளூர்ப் பணத்தில் நடக்கும் வேலையை மத்திய மானியத்துக்கு மாற்றக் கூடாது. கூடுதல் வேலைக்குத்தான் மானியம். நியாயமான விதிதான், இல்லாவிட்டால் நகரங்கள் தங்கள் செலவை எல்லாம் வாஷிங்டன் தலையில் கட்டிவிடும். ஆனால் விளைவைப் பாருங்கள். நல்லெண்ணத்தோடு ஒரு கவுண்டி அந்த நீதிமன்றப் பணியாளரின் சம்பளத்தை முன்கூட்டியே தன் பட்ஜெட்டில் ஏற்றுக்கொண்டால், அது உள்ளூர்ச் செலவாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு வரி வருமானம் விழுந்து, மறுபடி மானியம் கேட்டுப் போனால் கேள்வி எழும். ஆகவே விவரம் தெரிந்த கவுண்டி என்ன செய்யும்? கடைசி நிமிடம் வரை எதையும் ஏற்காமல் தொடர் மானியத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கும். உள்ளூர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, பொறுப்பேற்றவரை இன்னொரு பக்கம் தண்டிக்கும் ஏற்பாடு இது.

நாட்காட்டி வேறு. மத்திய நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஜூலை 1, டெக்சஸில் செப்டம்பர் 1, நியூயார்க்கில் ஏப்ரல் 1. நாடாளுமன்றமோ அக்டோபருக்குள் பட்ஜெட்டை முடிப்பது அபூர்வம். 2024 நிதியாண்டுக்கான நீதித் துறை ஒதுக்கீடு கையெழுத்தானது 2024 மார்ச் 9-ல், அதாவது பாதி ஆண்டு போன பிறகு. அதன் பின்னர்தான் அறிவிக்கை, மாநிலத்தின் விண்ணப்பம், ஒப்புதல், மாநிலத்திலிருந்து கவுண்டி. முதலாண்டு மானியம் செப்டம்பர் 30-ல் முடிகிறது, அடுத்ததன் ஆணை டிசம்பரில் வருகிறது என்றால் நடுவில் இரண்டு மாதம் அந்தப் பணியாளர் எங்கே போவார்? பலர் போய்விடுகிறார்கள். திரும்பி வருவதில்லை. நடுவில் பாதி நடந்த வழக்குகள் புது ஆளிடம் போகும்.

52, 17, 250

முதல் நிபந்தனையான ‘நிதி இருந்தால்’ என்பதற்கு வருவோம். 2005-ல் பைர்ன் மானியமும் உள்ளூர்க் காவல் மானியம் ஒன்றும் இணைந்து பைர்ன் நீதி உதவி மானியம் ஆயின. சுருக்கமாக ஜே.ஏ.ஜி. என்பார்கள். சூத்திரம் எளிது: பாதி மக்கள்தொகைப்படி, பாதி வன்குற்ற எண்ணிக்கைப்படி. மாநிலத்தின் பங்கில் 60% மாநில அரசுக்கு, 40% நேரடியாக உள்ளாட்சிகளுக்கு. சூத்திரம் இருக்கிறதே, நிலையாக வரும் என்று தோன்றும். 2007-ல் அதன் மொத்தத் தொகை சுமார் 52 கோடி டாலர். 2008-ல் நாடாளுமன்றம் அதை 17 கோடிக்கு இறக்கியது. 2009-ல் பொருளாதார மீட்புச் சட்டத்தின் 200 கோடியும் சேர்ந்து 250 கோடி டாலரைத் தாண்டியது. மூன்றே ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் எந்த ஊரிலும் குற்றம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து பிறகு பதினைந்து மடங்கு கூடவில்லை.

அரசியல் நிபந்தனைகளும் இதில் நுழையும். 2017-ல் குடியேற்ற அதிகாரிகளோடு ஒத்துழைத்தால்தான் ஜே.ஏ.ஜி. பணம் என்று அன்றைய நீதித் துறை சொன்னது. சிகாகோ வழக்குப் போட்டது. அந்த ஆண்டுப் பணம் பல இடங்களுக்கு 2018 வரை தள்ளிப்போனது. சிகாகோவுக்குச் சாதகமாக ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றமும், வேறு மாநிலங்கள் தொடுத்த வழக்கில் அரசுக்குச் சாதகமாக 2020-ல் இரண்டாவது மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

எதை எண்ணுகிறார்களோ அது கிடைக்கும்

பணம் தொடர வேண்டுமானால் செயல்பாட்டைக் காட்ட வேண்டும் என்றேன். எந்தச் செயல்பாடு என்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. இதற்கு டெக்சஸின் தூலியா என்ற சிறு நகரத்தைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1999 ஜூலை மாதம் ஒரு நாள் அதிகாலையில், சுமார் 5,000 பேர் வாழும் அந்த ஊரில் போதைப்பொருள் விற்றதாக 46 பேர் மீது வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். அந்த ஊரின் வயது வந்த கறுப்பர்களில் கணிசமான பங்கு ஒரே நாளில் சிறைக்குப் போனது. போதைப்பொருளோ ஆயுதமோ பணமோ சோதனையில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆதாரம் ஒரே ஒரு ரகசியக் காவலரின் வாய்மொழி. ஒலிப்பதிவு இல்லை, படம் இல்லை, இரண்டாவது சாட்சி இல்லை. சிலருக்குப் பல பத்தாண்டுகள் தண்டனை. அந்தக் காவலரை அமர்த்தியிருந்தது பைர்ன் மானியத்தில் ஓடிய ஒரு வட்டாரப் போதைப்பொருள் தனிப்படை. பின்னர் அவருடைய சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று நீதிமன்றம் கண்டது. 2003 ஆகஸ்டில் ஆளுநர் ரிக் பெர்ரி 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

ஒரு பொய்ச் சாட்சிக்கு மானிய விதியைக் குற்றம் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். முழுதாக இல்லை. ஆனால் அந்தத் தனிப்படைகளின் ஆண்டறிக்கையில் முன்னால் நின்றது கைது எண்ணிக்கை. பெரிய கடத்தல்காரரைப் பிடிக்க இரண்டு ஆண்டு விசாரணை வேண்டும், தெருவில் சிறு பொட்டலம் விற்பவர் என்று நாற்பது பேரைச் சேர்க்க ஒரு ஆண்டு போதும். இரண்டில் எது அடுத்த ஆண்டுப் பணத்தைக் கொண்டுவரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஆண்டு வரம்பிலிருந்து விலக்குப் பெற்ற திட்டம் இதுதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூலியாவுக்குப் பிறகு எழுந்த எதிர்ப்பில், 2006 வாக்கில் டெக்சஸ் இத்தகைய தனிப்படைகளுக்கு அந்தப் பணம் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது.

பலன் இல்லை என்று தெரிந்த பிறகும் தொடர்ந்தவையும் உண்டு. பள்ளிக்கூடத்துக்குக் காவலர் வந்து போதைப்பொருள் வேண்டாம் என்று பாடம் நடத்தும் டேர் திட்டம் 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. அது மாணவர்களின் போதைப் பழக்கத்தை ஏறக்குறைய எதுவுமே மாற்றவில்லை என்று 1994-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பொதுப் பணம் உடனே நின்றுவிடவில்லை. பெற்றோர், காவல் துறை, பள்ளி மூவருக்கும் அது பிடித்திருந்தது. 1996-ல் நாடாளுமன்றமே கேட்டு, மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று நீதித் துறையின் குற்றத் தடுப்பு நிதிகளை ஆராய்ந்தது. பெரும்பாலானவற்றின் பலன் என்னவென்று சொல்லப் போதிய மதிப்பீடே நடக்கவில்லை என்பது 1997-ல் வந்த அதன் முடிவுகளில் ஒன்று. தொடர் மானிய விண்ணப்பம் அறிக்கையைப் பார்க்கிறது, ரசீதைப் பார்க்கிறது. தெருவில் ஏதாவது மாறியதா என்பதைப் பார்க்க அதற்குக் கருவி கிடையாது.

அபராதத்தில் ஓடும் அடைக்கலம்

காவலர்களை வேலைக்கு எடுக்கும் மானியத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கிளிண்டன் காலத்தில், 1994 குற்றச் சட்டத்தில், ஒரு லட்சம் காவலர்கள் என்ற முழக்கத்தோடு காப்ஸ் திட்டம் வந்தது. ஒரு காவலருக்கு மூன்று ஆண்டில் அதிகபட்சம் 75,000 டாலர், மீதி உள்ளூர்ச் செலவு. பணம் தீர்ந்தபின் குறைந்தது ஓர் ஆண்டாவது அவரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. உண்மையில் கூடுதலாகச் சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்தைவிடக் குறைவு என்று மதிப்பீடுகள் கூறின. ஆனாலும் எடுத்த காவலரை வீட்டுக்கு அனுப்ப எந்த மேயருக்கும் துணிச்சல் வராது, அதனால் இந்த வகையில் தொடர்ச்சி ஓரளவு தானாக வந்துவிடுகிறது. வன்முறைக்கு ஆளானவர்கள் தங்கும் அடைக்கலத்தில் இரவு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அந்தப் பெண்ணின் சம்பளம் வரும் வழி விசித்திரமானது. 1984-ல் வந்த வோகா என்ற சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நிதியம் ஒன்றை உருவாக்கியது. மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்கள் கட்டும் அபராதம்தான் அதன் வருமானம். வரிப் பணம் ஒரு காசு கிடையாது. குற்றவாளி கொடுக்கட்டும், பாதிக்கப்பட்டவர் பெறட்டும் என்று கேட்பதற்கு அருமையாக இருக்கும். நடைமுறையில் அந்த அபராதத்தின் பெரும்பகுதி வங்கிகள், மருந்து நிறுவனங்கள், கார் நிறுவனங்கள் போன்ற கார்ப்பரேட் வழக்குகளிலிருந்து வருகிறது. ஃபோக்ஸ்வாகன் புகை மோசடி வழக்கில் 2017-ல் விதித்த குற்ற அபராதம் மட்டும் 280 கோடி டாலர். அப்படி ஒரு வழக்கு வந்தால் நிதியம் பொங்கும், வராத ஆண்டில் வற்றும்.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய 2000-ல் நாடாளுமன்றம் ஓர் உச்சவரம்பு வைத்தது: ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது, மிச்சம் சேமிப்பில் இருக்கட்டும். நோக்கம் சரி. ஆனால் உச்சவரம்பே ஊஞ்சலாடத் தொடங்கியது. 2014-ல் 74.5 கோடி டாலர். 2015-ல் 236 கோடி. 2018-ல் 443 கோடி. பெரிய தொகை வந்ததும் மாநிலங்கள் புது அடைக்கலங்கள், குழந்தைகள் மீதான வன்முறையை விசாரிக்கும் மையங்கள், மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் என்று விரித்தன. விரித்ததில் தவறில்லை, தேவை இருந்தது. அதே காலத்தில் நீதித் துறை, பெரு நிறுவனங்களை விசாரணைக்கு இழுக்காமல் ஒப்பந்தம் போட்டு முடிப்பதை அதிகமாக்கியது. ஒப்பந்தத்தில் வரும் தொகை தண்டனை அபராதம் ஆகாது, ஆகவே நிதியத்துக்குப் போகாமல் பொதுக் கருவூலத்துக்குப் போனது. 2021 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி அந்தத் தொகையையும் நிதியத்தில் சேர்க்கச் சொன்னார்கள். அதற்குள் இருப்பு கரைந்திருந்தது. 2024-ல் உச்சவரம்பு 135 கோடியாக விழுந்தது.

ஆறே ஆண்டில் 443-லிருந்து 135. மாநிலங்கள் ஒரே தொடர் மானியத்தை மூன்றில் ஒரு பங்காக வெட்டி அனுப்பின, அல்லது தங்கள் பட்ஜெட்டிலிருந்து ஓட்டையை அடைத்தன. வாஷிங்டனில் ஒரு வழக்கறிஞர் ஒரு வங்கியோடு எப்படி சமரசம் செய்கிறார் என்பதை வைத்து, ஓஹயோவின் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இரவு இரண்டு மணிக்கு ஃபோனை எடுக்க ஆள் இருக்குமா என்பது முடிவாகிறது. இதை வடிவமைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் இதைவிட மோசமாக வேண்டுமென்றே யோசித்தாலும் செய்ய முடியாது என்பது என் எண்ணம்.

சிகாகோவின் அறிமுகங்கள்

நின்று நின்று ஓடும் பணம் எந்த வேலையை அதிகம் கெடுக்கும் என்று கேட்டால், ஆளோடு ஆள் அறிமுகத்தில் நடக்கும் வேலையை என்பேன். சிகாகோவில் 2000-ல் மேற்கு கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் தொடங்கிய சீஸ்ஃபயர் திட்டம் அப்படிப்பட்டது. தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின் அதைத் தொடங்கினார். பழைய கும்பல் உறுப்பினர்களையே வேலைக்கு வைத்தார்கள். ஒரு பையன் சுடப்பட்டால் பழி வாங்கப் போகிறவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும், அவன் அம்மாவையும் தெரியும். போய்ப் பேசுவார்கள். போலீஸிடம் எதையும் கொண்டுபோகமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் மூலதனம்.

2007-ல் ஆளுநர் ராட் பிளகோயவிச் அதன் மாநில நிதியை நீக்கினார். பின்னர் பணம் திரும்பியது. 2015 மார்ச்சில் மறுபடி முடக்கம். அதே ஜூலையில் தொடங்கி இரண்டு ஆண்டு இல்லினாய் மாநிலத்துக்கு முழு பட்ஜெட்டே இல்லை. 2016-ல் சிகாகோவில் கொலைகள் 750-ஐத் தாண்டின, முந்தைய ஆண்டில் 500-க்கும் குறைவு. திட்டம் நின்றதால்தான் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். லக்வான் மெக்டொனால்ட் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்ட காட்சி 2015 நவம்பரில் வெளியாகி நகரமே கொந்தளித்தது, தெருச் சோதனைகள் திடீரெனக் குறைந்தன, வேறு காரணங்களும் இருந்தன. இதே மாதிரியைப் பின்பற்றிய பிற நகரங்களில் ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் நல்ல பலன், சில இடங்களில் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் ஓடி, ஆறு மாதம் நின்று, ஆள் மாறி, பேட்டை மாறி நடந்த ஒரு திட்டத்தை அளந்துவிட்டு, திட்டம் பலன் தரவில்லை என்று எழுதினால், அளந்தது திட்டத்தையா, இடைவெளியையா?

2020-ல் நாடு முழுக்கக் கொலைகள் ஒரே ஆண்டில் சுமார் 30% ஏறியபின் இந்த வகைத் திட்டங்களுக்கு இதுவரை காணாத பணம் வந்தது. 2021-ன் பெருந்தொற்று நிவாரணச் சட்டம் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் கொடுத்தது. அதில் ஒரு பகுதியை வன்முறைத் தடுப்புக்குச் செலவிட பைடன் நிர்வாகம் ஊக்குவித்தது. 2022 ஜூன் 25-ல் கையெழுத்தான துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம் ஐந்து ஆண்டுக்கு 25 கோடி டாலரை நேரடியாக இதற்கென்று ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் ரத்தான மானியங்களில் இந்த வகையும் சேர்த்தி.

ரத்துக்கு அவர்கள் காட்டிய விதி, மத்திய மானியங்களுக்கான பொது ஒழுங்குமுறையில் 2020-ல் சேர்க்கப்பட்ட ஒரு வரி: மானியம் திட்டத்தின் குறிக்கோளுக்கோ துறையின் முன்னுரிமைக்கோ உதவவில்லை என்றால் நிறுத்தலாம். மானியத்தை இழந்த வீரா நீதி நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் வழக்குப் போட்டன. 2025 ஜூலையில் நீதிபதி அமித் மேத்தா அரசின் செயலைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்துவிட்டு வழக்கைத் தள்ளுபடியும் செய்தார். இது சாராம்சத்தில் ஒப்பந்தத் தகராறு, பணக் கோரிக்கைக்கு வேறு நீதிமன்றம் இருக்கிறது என்பது அதன் பொருள். சில மானியங்களை அரசே சில நாட்களில் திருப்பிக் கொடுத்தது. பெரும்பாலானவை போனது போனதுதான்.

பெருந்தொற்று நிவாரணப் பணத்தைச் செலவழிக்கக் கடைசி நாள் 2026 டிசம்பர் 31. துப்பாக்கிச் சட்டத்தின் ஐந்து ஆண்டு ஒதுக்கீடும் 2026 நிதியாண்டோடு முடிகிறது. இதை முன்கூட்டியே பார்த்த சில மாநிலங்கள் சொந்தமாக வழி தேடுகின்றன. கலிபோர்னியா 2024 ஜூலை 1 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனைக்கு 11% வரி போட்டு, அதில் ஒரு பகுதியை வன்முறைத் தடுப்புக்குக் கொடுக்கிறது. கொலராடோவில் 2024 நவம்பரில் வாக்காளர்கள் இதே போன்ற 6.5% வரிக்கு ஒப்புதல் அளித்தார்கள். முக்கியமாக வோகா பணம் குறைந்ததை ஈடுகட்டத்தான். இந்த வரி மத்திய பட்ஜெட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, மானிய ஆண்டுக்கும் கட்டுப்பட்டதில்லை. ஆனால் துப்பாக்கி விற்பனை சரியும் ஆண்டில் இந்த வருமானமும் சரியும்.